பிறவி இருதயக் குறைக்குப் பொறுப்பாளி யார்?



ஒரு வீட்டில் குழந்தை பிறந்து, அதன் இருதயத்தில் ஓட்டை இருக்கிறதென்று டாக்டர் சொன்ன மாத்திரத்தில், அவ்வீட்டில் எழும் முதற் கேள்வி, "இனி என்ன செய்யலாம்?" என்பதல்ல. "இது யாரால் வந்தது?" என்பதே. கேள்வி பிறந்த நாழிகைக்குள் பதிலும் பிறந்துவிடுகிறது. கிரகணத்தன்று வாசலுக்கு வராதே என்று சொன்னேனே, கேட்டாளா என்கிறாள் மாமியார். எங்கள் வம்சத்தில் இப்படி ஒன்றும் கிடையாது, உங்கள் பக்கத்து வினைதான் இது என்கிறார்கள் பெண்ணைப் பெற்றவர்கள். பாட்டன் ஊரார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டான், பேரன் அனுபவிக்கிறான் என்று தெருவில் இரண்டு பேர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எந்தப் பக்கம் சுற்றினாலும் விரல்கள் கடைசியில் வந்து நிற்பது பத்து மாதம் சுமந்தவள் மேல்தான். அவளும் பிரசவித்த பச்சை உடம்பு தேறுமுன்னே, நாம் எதைத் தின்றோம், எங்கே போனோம், யார் சாபத்தை வாங்கினோம் என்று தன்னைத்தானே விசாரணை செய்யத் தொடங்குகிறாள்.

ஆகையால் இவ்வாரம் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். குழந்தை இருதயக் குறையோடு பிறந்தால் அதற்குக் காரணம் உண்டா? காரணம் ஒன்று இருந்தால், குற்றவாளி ஒருவரும் இருந்தாக வேண்டுமா?

கேள்வி புதிதல்ல. அர்ச். அருளப்பர் எழுதிய சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீஷர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று நமதாண்டவரிடம் கேட்கிறார்கள். கேட்டவர்கள் பொல்லாதவர்கள் அல்ல. நம்மைப் போலத்தான் அவர்களும், காரணத்தையும் குற்றத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருந்தார்கள். இருவரில் ஒருவருமல்ல என்று ஆண்டவர் அந்த முடிச்சை அவிழ்த்தார். சர்வேசுரனுடைய கிரியைகள் அவனிடத்தில் விளங்கும்படியாக என்றும் சொன்னார். இந்தப் பின்வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, தம் மகிமைக்காகவே சர்வேசுரன் சிசுக்களை ஊனமாக்குகிறார் என்று பேசுவோர் உண்டு. அப்படிப் பேசுகிறவர்கள் அடுத்த வரியில் ஆண்டவர் என்ன செய்தார் என்று பார்க்கட்டும். அவர் தர்க்கம் செய்துகொண்டிருக்கவில்லை. குனிந்து மண்ணைக் குழைத்து அவன் கண்ணுக்கு வைத்தியம் பார்த்தார். விளங்கவேண்டிய கிரியை அதுதான்.

நாமும் அவ்விதமே, வைத்தியம் கண்டறிந்தது என்னவென்று முதலில் பார்ப்போம்.

கர்ப்பம் தரித்த 22ஆம் நாள் அளவில் சிசுவின் இருதயம் ஒரு சிறு குழலாக இருக்கும்போதே துடிக்கத் தொடங்குகிறது. அந்தக் குழல் வளைந்து, மடிந்து, நடுவே சுவர் எழும்பி, நான்கு அறைகளாகவும் நான்கு வால்வுகளாகவும் பிரிகிறது. 8ஆம் வாரம் முடிவதற்குள் ஏறத்தாழ வேலை முழுவதும் தீர்ந்துவிடுகிறது. அப்பொழுது சிசுவின் நீளம் நமது சுண்டுவிரலில் பாதி. இதை நிதானித்துப் பாருங்கள். தீட்டு தள்ளிப்போயிற்று, இன்னும் பத்து நாள் பார்ப்போம் என்று ஒரு பெண் இருந்து, பிறகு மாமியாரிடம் சொல்லி, பிறகு செவிலியரிடம் போய்ப் பதிவு செய்கிறாள். அரசாங்கம் 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. அப்படியே அவள் தவறாமல் செய்தாலும், அன்றைக்கு உள்ளே இருதயம் கட்டி முடிந்த வீடு. ஐந்தாம் மாதத்தில் அவள் பார்த்த கிரகணமும், ஏழாம் மாதத்தில் அவள் தின்ற பப்பாளியும் அந்த வீட்டின் சுவரில் ஓட்டை போட முடியாது.

கட்டுவதில் நேரும் பிசகு பலவகை. அறைகளுக்கு நடுவேயுள்ள சுவர் முழுவதும் மூடாமற் போவதைத்தான் ஓட்டை என்கிறோம். பிறந்தபின் அடையவேண்டிய இரத்தக் குழாய் அடையாமல் திறந்தே இருப்பதும் உண்டு. வால்வு குறுகியிருப்பது உண்டு. கெட்ட இரத்தம் நல்ல இரத்தத்தோடு கலந்து உதடும் நகமும் நீலம் பாரிக்கச் செய்யும் கடினமான வகைகளும் உண்டு. சிறு ஓட்டைகள் பல, வளர வளரத் தாமே மூடிக்கொள்கின்றன. உலகெங்கும் ஏறத்தாழ 100 குழந்தைகளுக்கு 1 என்ற கணக்கில் ஏதாவதொரு இருதயக் குறை காணப்படுகிறது. நம் தேசத்தில் ஆண்டொன்றுக்கு 2 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இப்படிப் பிறப்பதாக வைத்தியர்கள் மதிப்பிடுகிறார்கள். குருவின் வீட்டிலும், கோடீசுவரன் வீட்டிலும், ஒரு நாளும் பூசை தவறாதவர் வீட்டிலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

காரணங்கள் எவை? பத்தில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குத்தான், இன்னதால் வந்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடிகிறது. மற்றவர்களுக்குப் பல சிறு காரணங்கள் ஒன்றுகூடி நேர்ந்தது என்பதற்கு மேல் சொல்வதற்கில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் ஒருத்தி, வயிறு ஒன்று, தகப்பன் ஒருவன், தின்ற சோறு ஒன்று, பார்த்த கிரகணமும் ஒன்று. இருந்தும் ஒரு பிள்ளைக்கு இருதயக் குறை, மற்றதற்கு ஒன்றுமில்லை என்பது வைத்தியர்கள் அடிக்கடி காணும் சங்கதி. பாட்டன் பாவம் என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள், அது இரண்டில் ஒன்றை மாத்திரம் எப்படித் தெரிந்தெடுத்தது என்று சொல்லட்டும்.

கண்டுபிடிக்கப்பட்ட காரணங்களில் முதலாவது வெளிச்சத்துக்கு வந்தது ஒரு சாதாரண அம்மை. 1941ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் சிட்னி பட்டணத்தில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர், கண்ணில் புரை விழுந்து பிறந்த பச்சைக் குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக வந்துகொண்டேயிருப்பதைக் கண்டார். தாய்மாரை விசாரித்தார். முந்திய ஆண்டு பரவிய ரூபெல்லா என்னும் அம்மை, அவர்களிற் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் கண்டிருந்தது. 78 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதினார். அவர்களில் பலருக்குக் கண்ணோடு இருதயமும் பழுதாயிருந்தது. இந்த அம்மை நம் ஊர் மணல்வாரியைப் போலிருக்கும், அதைவிட லேசானது. இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் தடிப்பும் வந்து போய்விடும். சிலருக்கு வந்ததே தெரியாது. அந்தத் தாய்மார்களின் உடம்பில் காரணம் இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் மேல் குற்றம் எங்கே இருக்கிறது? பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினதா குற்றம்?

1959ஆம் ஆண்டு பாரீஸ் நகரத்தில் மற்றொரு காரணம் தெரியவந்தது. நம் வேதத்தைச் சேர்ந்த டாக்டர் ஜெரோம் லெஜூன் என்பவர், மந்தபுத்தியும் சிறு கண்களுமாய்ப் பிறக்கும் ஒருவகைக் குழந்தைகளுக்கு உயிரணுவில் 46 குரோமோசோமுக்குப் பதிலாக 47 இருப்பதைத் தம் தோழர்களோடு சேர்ந்து வெளியிட்டார். டவுண் நோய்க்குறி என்று அதற்குப் பெயர். அக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இருதயக் குறையும் இருக்கிறது. தாயின் வயது ஏற ஏற இது நேரும் வாய்ப்பும் ஏறுகிறது. லெஜூனுக்கு இதனால் ஒரு பெரும் துக்கம் நேர்ந்தது. குழந்தைகளைக் குணப்படுத்த வழி தேடவேண்டுமென்று அவர் கண்டுபிடித்ததை, அக்குழந்தைகளைப் பிறக்கவொட்டாமல் தடுப்பதற்கு உலகம் எடுத்துக்கொண்டது. திருச்சபை 2021ஆம் ஆண்டு அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்திருக்கிறது. கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் சிசுவின் இருதயத்தை ஸ்கேனில் பார்க்கலாம். பார்ப்பது நல்லது. பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது, பிறந்தவுடன் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று ஆயத்தம் செய்வதற்காகப் பாருங்கள்.

இனி, நம்மை நேரே தொடும் சங்கதிக்கு வருவோம். அக்காள் மகள், அத்தை மகள், மாமன் மகள் என்று முறையில் பெண் கொள்வது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், சொந்தத்தில் கலியாணம் செய்துகொண்ட பெண்கள் தமிழ்நாட்டில் 100க்கு 28 பேர் என்று தெரிகிறது. மற்ற மாகாணங்களைப் பார்க்க நாம்தான் முதலிடம். உத்தமபாளையம், கம்பம் சுற்றுவட்டாரத்தில் இது யாருக்கும் ஆச்சரியமாயிராது. நிலம் வெளியே போகாது, பெண் நம் கண்முன் இருப்பாள், முறைமாமன் இருக்க அந்நியனா என்ற நியாயங்களை அனுமந்தன்பட்டியில் யாருக்கும் நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அந்த நியாயங்களில் பாசமும் கலந்திருக்கிறது என்பதை மறுக்கவுமில்லை.

ஆனால் உடம்பின் நியாயம் வேறு. நம் ஒவ்வொருவரிடத்திலும் பழுதான சில மரபணுக்கள் மறைந்திருக்கின்றன. அதன் ஜோடி நல்லதாயிருப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. இரத்த உறவில்லாத இருவர் கூடும்போது, ஒரே பழுது இரண்டு பக்கமும் இருப்பது அபூர்வம். தாய்மாமனும் அக்காள் மகளுமோ மரபில் நாலில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். அத்தை மகள், மாமன் மகன் எட்டில் ஒரு பங்கு. ஆகவே ஒரே பழுது இரு பக்கத்திலிருந்தும் பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. மைசூரில் ஆராய்ந்த வைத்திய சாஸ்திரிகள், பெற்றோர் நெருங்கிய உறவாயிருப்பது தென்னிந்தியாவில் பிறவி இருதயக் குறையை அதிகப்படுத்துகிறது என்று 2006ஆம் ஆண்டு வெளியிட்டார்கள்.

எவ்வளவு அதிகம் என்பதையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அநாவசியப் பயம் உண்டாகும். சொந்தமல்லாதவர்களுக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 2, 3 பேர் ஏதாவதொரு பெரிய பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள் என்றால், அத்தை மாமன் பிள்ளைகள் மணந்தால் அது 4, 5 வரைக்கும் போகலாம். மற்ற 95 பேரும் சுகமாகவே பிறக்கிறார்கள். ஆனபடியால் ஏற்கெனவே முறையில் கலியாணம் செய்து குடும்பம் நடத்துகிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் கலங்கவேண்டாம். உங்கள் விவாகம் மெய்விவாகம். உங்கள் பிள்ளைகள் ஆசீர்வாதம். இது இனிமேல் பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு.

திருச்சபையின் சட்டம் இதில் என்ன சொல்கிறதென்று பலருக்கு அரைகுறையாய்த்தான் தெரியும். 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் 1091ஆம் சட்டத்தின்படி, நேர் வழியில் எந்தத் தலைமுறையிலும், பக்கவழியில் நாலாம் படிவரையிலும் இரத்த உறவு கலியாணத்துக்கு விக்கினம். தாய்மாமன் அக்காள் மகள் மூன்றாம் படி. அத்தை மாமன் பிள்ளைகள் நாலாம் படி. மேற்றிராணியாரிடமிருந்து விலக்கு வராமல் இவர்களுக்கு விவாகம் செல்லாது. தகுந்த முகாந்தரம் இருந்தால் விலக்கு கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நம் மக்களோ இதை ஒரு முத்திரைக் கூலியைப்போல எண்ணிவிடுகிறார்கள். சத்திரம் பேசி, பத்திரிகை அடித்து, சேலை எடுத்த பிற்பாடு, "சாமி, விலக்குக்கு ஒரு கடுதாசி எழுதிக் கொடுங்கள்" என்று வருகிறார்கள். அப்பொழுது குருவானவர் என்ன யோசனை சொன்னாலும் காதில் ஏறுமா? விலக்கு என்பது, சட்டத்தின் கட்டைத் தளர்த்துவது. மரபணுவுக்கு விலக்கு கொடுக்கும் அதிகாரம் ரோமாபுரியிலும் கிடையாது.

இவ்விடத்தில்தான் நமது முதற் கேள்வி கூர்மையாகிறது. ஒரு காரணம் நமக்கு முன்கூட்டியே தெரிந்தபின், குற்றம் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் அறியாமையை இரண்டாகப் பிரிக்கிறார். எவ்வளவு முயன்றாலும் நீக்கமுடியாத அறியாமை ஒன்று, அதற்குப் பாவமில்லை. தெரிந்துகொள்ளக் கூடியதும் கடமைப்பட்டதுமாயிருந்தும், அசட்டையால் தெரிந்துகொள்ளாமல் விட்டது மற்றொன்று. அதற்கு மனிதன் உத்தரவாதி. 1940ஆம் ஆண்டு சிட்னியில் அம்மை கண்ட தாய் முதலாவது வகை. இன்றைக்கு நம் நிலை அதுவல்ல. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரூபெல்லாவுக்கும் மணல்வாரிக்கும் சேர்த்து ஒரே ஊசி, 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போடப்பட்டது. அப்பொழுது கைப்பேசியில் பரவிய வதந்தியை நம்பி, ஊசி போடும் நாளில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்ட பெற்றோர் மாநிலமெங்கும் இருந்தார்கள். அந்தச் சிறுமிகள் இன்று கலியாண வயதில் நிற்கிறார்கள். அவர்களுக்கு இப்பொழுதும் அந்த ஊசியைப் போடலாம். கர்ப்பம் தரிப்பதற்கு ஒரு மாதமாவது முந்திப் போடவேண்டும், தரித்தபின் கூடாது. கலியாண ஓலை வாசிக்கும் நாட்களிலேயே போட்டுக்கொண்டால் என்ன கெட்டுப்போகிறது? நகைக்கடைக்கு நாலு தரம் போகிற நாம், சுகாதார நிலையத்துக்கு ஒரு தரம் போகலாம்.

சர்க்கரை வியாதியும் இதே கணக்கில் சேர்ந்தது. கர்ப்பத்துக்கு முந்தியே சர்க்கரை இருந்து, கட்டுப்பாட்டில் இல்லாத தாய்க்கு, குழந்தையின் இருதயக் குறை 100க்கு 1 என்பது 3, 5 என்று உயர்கிறது. கட்டுப்பாட்டில் வைத்துக் கருத்தரித்தால் அபாயம் இறங்கிவிடுகிறது. வலிப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும், மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியமும், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஒரு மருந்தும்கூட சிசுவைப் பாதிக்கக் கூடியவை. தாமாகவே நிறுத்துவதும் தப்பு. பிள்ளை பெற எண்ணமிருக்கிறதென்று முன்னதாகவே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்வது சரி. மதுவும் புகையும் பெண்களுக்கு நம் ஊரில் வழக்கமில்லை என்று ஆண்கள் நெஞ்சு நிமிர்த்தவேண்டாம். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடிப்பவன் அவளுக்கும் புகை கொடுக்கிறான்.

இன்னொன்று. விடியற்காலை ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களும், திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டுகிற பெண்களும் நம் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கானவர்கள். இரண்டு பயிருக்கும் மருந்து அடிக்காமல் முடியாது. பூச்சிமருந்துக்கும் பிறவி இருதயக் குறைக்கும் சம்பந்தம் உண்டென்று சில ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ரூபெல்லாவைப்போல அது தீர்க்கமாக நிரூபிக்கப்படவில்லை. நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்க அவசியமுமில்லை. இதிலே பொறுப்பு யாருக்கு? கூலிக்குப் போகிறவள், மருந்தடித்த மறுநாள் நான் வரமாட்டேன் என்று சொன்னால் அடுத்த வாரம் அவளுக்கு ஜீப்பில் இடம் இருக்காது. ஆகவே அவளுக்குப் புத்தி சொல்வதைவிட, தோட்டம் வைத்திருக்கும் நம் பங்குக் குடும்பத்தாருக்கும் கங்காணிகளுக்கும் சொல்வதே நியாயம். கலியாணமான இளம் பெண்களை மருந்து கலக்கவும், அடித்த கொடியின் கீழ் நிற்கவும் வைக்காதீர்கள். வேறு வேலை கொடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். காரணத்தை நீக்கக் கூடியவன் எவனோ அவன்மேல்தான் கடமை விழுகிறது. நம் வழக்கமோ, எதையும் மாற்றச் சக்தியில்லாதவள் தலையில் எல்லாப் பழியையும் இறக்கிவைப்பது.

குற்றவாளி தேடும் வீட்டில் நடக்கும் மிகப் பெரிய கேடு, குழந்தைக்கு நேரும் தாமதம். பால் குடிக்கும்போது மூச்சு வாங்கி, நெற்றி வியர்த்து, பாதியில் விட்டுவிடுகிறது, எடை ஏறவில்லை, மாதத்துக்கொரு தரம் நெஞ்சுச் சளி, அழுதால் உதடு நீலம். இவை இருதயத்தின் அடையாளங்கள். நாமோ உரம் விழுந்துவிட்டது என்று ஒருத்தியிடமும், தொக்கம் எடுக்க இன்னொருத்தியிடமும் தூக்கிப் போகிறோம். சீர் தட்டியிருக்கிறது என்று கயிறு கட்டுகிறோம். விஷயம் தெரிந்த பிறகும் மூடிவைக்கிறோம். ஏன்? மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், குடும்பத்தில் நோய் என்று வெளியே தெரியலாமா என்று. ஒரு மகளின் சம்பந்தத்துக்காக இன்னொரு பிள்ளையின் மூச்சை அடகு வைப்பது சாதாரண அசட்டையல்ல. அதற்கு நீதி நூலில் கடுமையான பெயர் உண்டு.

1944ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில், 15 மாதமான நீலக் குழந்தை ஒன்றுக்கு முதல்முறையாக ஒரு புது ஆபரேஷன் நடந்தது. அதற்கு யோசனை கொடுத்தவர் ஹெலன் டாசிக் என்ற பெண் டாக்டர். அவருக்குக் காது மந்தம். இருதயச் சத்தத்தைக் குழல் வைத்துக் கேட்கமுடியாமல், குழந்தைகளின் மார்பில் விரல் வைத்தே துடிப்பைப் படித்தறிந்தவர். கத்தி பிடித்தவர் ஆல்பிரட் பிளாலக். அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியின்மேல் நின்று படிப்படியாக வழி சொன்னவர், முறையை முன்னதாக நாய்களுக்குச் செய்து பழகியிருந்த விவியன் தாமஸ் என்ற கறுப்பினத்து உதவியாளர். கல்லூரிப் படிப்பு இல்லாதவர். அந்தக் குழந்தை இரண்டு வயது நிறையுமுன் இறந்துபோயிற்று. ஆனாலும் அதன்பின் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அந்த வாசல் வழியாகப் பிழைத்தார்கள். அம்மூவரும் அந்தத் தாயிடம், கர்ப்பகாலத்தில் நீ என்ன தப்பு செய்தாய் என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இன்றைக்குப் பணமில்லை என்பதும் முழுச் சாக்கு அல்ல. 2013ஆம் ஆண்டு ஆரம்பித்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் டாக்டர் கூட்டம் வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது. இருதயத்தில் சந்தேகம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அதை அலமாரியில் வைக்காதீர்கள். கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ எடுத்துக்கொண்டு போங்கள். ஆபரேஷன் தேவையென்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழியிருக்கிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், ஆஸ்பத்திரிச் சீட்டோடும் ரேஷன் கார்டோடும் பூசைக்குப் பிறகு சாக்கிறீஸ்து பக்கம் வாருங்கள். விண்ணப்பம் எழுத நமது வாலிபர் சங்கத்தார் உதவி செய்வார்கள்.

குறையோடு ஒரு பிள்ளை பிறந்த வீட்டார் அடுத்த பிள்ளைக்கு முன் டாக்டரிடம் ஒரு தரம் கலந்துகொள்ளவேண்டும். இரண்டாவதற்கும் வரும் வாய்ப்பு பெரும்பாலும் 100க்கு 2 முதல் 5 வரை. சில வகைகளில் கூடுதல். அப்படிக் கேட்கப் போகும்போது புருஷனும் கூடப் போகவேண்டும். அவளை மாத்திரம் அனுப்பிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தால், பிள்ளையின் இருதயத்தில் பாதி தன்னுடையது என்பதை அவன் மறந்துபோனான் என்று அர்த்தம்.